சித்திரை 1 விருந்து: யார் என்ன செய்கிறோம்?

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்ப் புத்தாண்டு விருந்து எங்கள் வீட்டில், ஏப்ரல் 14 செவ்வாய், பகல் 12.30 மணிக்கு. இதுவரை 24 பேர். ஹாலில் 12 இலைதான் விரிக்க முடியும், அதனால் இரண்டு பந்தி. பெரியவர்களும் குழந்தைகளும் முதலில், மற்றவர்கள் 1.15க்கு.

1. சாதம் (பொன்னி 2.5 கிலோ), சாம்பார், ரசம் எங்கள் பொறுப்பு.

2. மாங்காய்ப் பச்சடி: ஒருவர் ஏற்கவும். மாங்காய் நல்ல புளிப்பாக இருக்கட்டும், வெல்லம் தாராளமாக. வேப்பம்பூவை நெய்யில் வறுத்துத் தனி டப்பாவில் கொண்டு வாருங்கள், பரிமாறும்போது தூவிக்கொள்ளலாம். பூ பொன்னிறம் தாண்டிக் கருகினால் பச்சடியை யாரும் தொட மாட்டார்கள்!

3. பருப்பு வடை: மாவு மட்டும் போதும். தண்ணீர் விடாமல், கரகரப்பாக. இங்கேயே சுடச்சுடப் போட்டுவிடலாம்.

4. பாயசம் ஒரே ஒருவர். போன வருஷம் நாலு தூக்குப் பாயசம் வந்தது, பொரியல் ஒன்றுகூட இல்லை. (நானும் அந்த நாலில் ஒருத்தி.)

5. பொரியல், அவியல், அப்பளம்: பெயர் கொடுங்கள். எதிலும் வெங்காயம், பூண்டு வேண்டாம்.

6. தலைவாழை இலை 30. பரிமாறும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம்.

வருகிறவர்கள் எண்ணிக்கையும் கொண்டுவரும் பதார்த்தமும் ஏப்ரல் 10 வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே பதிவிடவும். கட்டைவிரல் மட்டும் காட்டினால் கணக்கில் சேராது.