மெதுவாகப் படி, தம்பி

சாட்ஸ்வொர்த், டர்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி,

முதலில் இங்கிலீஷில்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குள் கோபம் வந்துவிட்டது, அதனால் தமிழ். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நீ எத்தனை தடவை ஏமாற்றினாய் என்று எனக்குத் தெரியும். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகப் படி.

ஜோஹன்னஸ்பர்க் சபையில் நீ டிரம்ஸ் வாசிக்கிற வீடியோவை அம்மா மூன்று தடவை பார்த்தாள், நான் இரண்டு தடவை. புகை, நீல வெளிச்சம், முழங்கால் கிழிந்த ஜீன்ஸில் பாஸ்டர். அவருக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஸ்கிரீன், அதன் மூலையில் காணிக்கைக்கு ஒரு ஸ்னாப்ஸ்கேன் கட்டம், போனைக் காட்டிப் பணம் கட்ட. அத்தனையிலும் உன் கை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. காவடிக்கு உருமி அடித்த கை.

"அவன் இன்னும் தமிழா, இல்லை கிறிஸ்தவனாகிவிட்டானா?" என்று பெரியம்மா கேட்டாள். நம்ம ஊரில்தான் இப்படிக் கேட்பார்கள். தமிழ் என்றால் இங்கே பாஷை இல்லை, கோயில். தமிழ்தான், தமிழில்தான் கடிதம் எழுதப்போகிறேன் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

"ஜனங்க எங்கே இருக்காங்களோ அங்கேதான் சபை போகணும், அப்பா" என்று போனில் சொன்னாய். ஏதோ உன் பாஸ்டர் கண்டுபிடித்தது மாதிரி! கலிபோர்னியாவில் ராபர்ட் ஷூலர் என்று ஒருவர் இருந்தார். 1955-இல் ஒரு டிரைவ்-இன் தியேட்டரில், தின்பண்டக் கடையின் கூரைமேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். கேட்கிறவர்கள் காரைவிட்டு இறங்கவே வேண்டாம். வீடு வீடாகப் போய், ஏன் சர்ச்சுக்கு வருவதில்லை, என்ன இருந்தால் வருவீர்கள் என்றும் விசாரித்தார். சோப்புக் கம்பெனிக்காரன் கேட்பானே, அப்படி. கேட்டதைக் கொடுத்தார், கூட்டம் சேர்ந்தது, 1980-இல் கண்ணாடியாலேயே ஒரு பெரிய ஆலயம் திறந்தார். 2010-இல் அந்த ஊழியம் திவால். கட்டடத்தைக் கத்தோலிக்கர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

இங்கேயும் ரோலண்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1931-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நம் இந்திய ஜனங்களுக்கென்றே ஆரம்பித்ததுதான் பெதஸ்தா சபை. பக்கத்து வீட்டு அக்கா அங்கே சேலையோடுதான் போனாள். பொட்டு மட்டும் போயிற்று. சரி, நாம் மட்டும் என்ன? இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு ஈஸ்டர் சமயத்தில் திருவிழா எப்படி வந்தது? கரும்புத் தோட்டத்துத் துரை அப்போதுதான் லீவு கொடுத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அம்மனே வெள்ளைக்காரன் காலண்டரைப் பார்த்து நடந்திருக்கிறாள். அதனால் ஜீன்ஸுக்கும் புகைக்கும் நான் சண்டை போடவில்லை.

எனக்குப் பதினேழு வயசில், 1973 மார்ச்சில், பில்லி கிரகாம் என்ற அமெரிக்கப் பிரசங்கி டர்பனுக்கு வந்தார். கிங்ஸ் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 பேர். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அப்போது இங்கே சட்டமே நிறம் பார்த்து ஆளைப் பிரித்து வைத்த காலம். எல்லா நிறத்தாரும் கலந்து உட்கார்ந்தால்தான் வருவேன் என்பது அவர் போட்ட நிபந்தனை. 1960-இல் ஆப்பிரிக்காவில் பல நாடுகள் சுற்றியவர் இங்கே மட்டும் வரவில்லை. கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் முழங்கை என் விலாவில் இடித்தது. என் பக்கம் திரும்பி, "சாரி" என்றார். அதுவரை எந்த வெள்ளைக்காரனும் என்னிடம் சாரி சொன்னதில்லை. பிரசங்கத்தில் ஒரு வார்த்தை இன்றைக்கு ஞாபகம் இல்லை, அந்த சாரி இருக்கிறது.

கிரகாமும் விற்கத் தெரிந்தவர்தான். போஸ்டர், ரேடியோ, பாடகர் குழு, எதில் குறைச்சல்? ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில், வாங்குகிறவனுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் அசையவில்லை. உன் பாஸ்டர் வீடியோவில் அரை மணி நேரம் பேசினார்: வேலை, கல்யாணம், புதுக் கார். எல்லாருக்கும் பிடித்த சாமான். கூட்டம் குறையும் என்று தெரிந்தே அவர் எதையாவது சொன்னதுண்டா? இருந்தால் அந்த வீடியோவை அனுப்பு. முழுக்கப் பார்க்கிறேன், சத்தியமாக.

சித்தி விஷயம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அவள் முன்பு போன சபை ஒரு கராஜில் நடந்தது, முப்பது பேர் இருப்பார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பாஸ்டர் பிளாஸ்கில் டீயோடு வருவார், குடித்த கோப்பையை அவரே கழுவி வைப்பார். அப்புறம் ஸ்கிரீன் வைத்த பெரிய சபைக்கு மாறினாள், மாசாமாசம் தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கட்டினாள். போன ஜூனில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கிருந்து வந்தது ஒரு வாட்ஸ்அப் படம். பூ, கீழே சபையின் லோகோ. அவள் பேர்கூட இல்லை. நம்ம கோயில் கமிட்டியிலிருந்தும் ஒருத்தர் எட்டிப்பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கராஜ் பாஸ்டர்தான் வந்தார், இப்போது நடக்கக் கம்பு வேண்டியிருக்கிறது. நான் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதம் பற்றி ஒரு பேச்சும் இல்லை, கிரிக்கெட்தான் பேசினோம்.

அம்மா மசாலாப் பொடி கட்டி வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உன் உருமி மழையில் தொய்ந்துவிட்டது. இன்றைக்கு வெயிலில் வைத்தேன், இன்னும் சரியாக ஏறவில்லை.

அப்பா