பெர்லிஸ் முதல் ஜொகூர் வரைதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசிய தினச் சிறப்பிதழ் கிடைத்தது. தலையங்கத்தில் "பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை நாடெங்கும் வாழும் நம் மக்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1963 செப்டம்பர் 16 என்ன நாள் என்பது நீங்கள் அறியாததல்ல. சபாவும் சரவாக்கும் (அப்போது சிங்கப்பூரும்) வந்து சேர்ந்த நாள். அந்த நாளுக்குச் சிறப்பிதழ் போட்டு, தீபகற்பத்தோடு நிறுத்திக்கொண்டு, கடலுக்கு அப்பால் இருக்கும் அவர்களையே விட்டுவிட்டீர்கள். பெண் மாப்பிள்ளை பெயர் இல்லாமல் கல்யாணப் பத்திரிகை அடித்தது போல இருக்கிறது. நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது ஐயா. ஜொகூரின் தென்கோடியில் இருக்கும் தஞ்சோங் பியாய் முனைக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அங்கே நின்று பார்த்தால் சரவாக் தெரியாதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

கை தவறி வந்த வரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் இருபத்தெட்டு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவள். 1982 ஜனவரி முதல் தேதி, சபா சரவாக்கோடு ஒரே நேரம் இருக்க வேண்டுமென்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். இரவு பதினொன்றரைக்கே புத்தாண்டு பிறந்துவிட்டது. டவுனில் இருந்தவர்களுக்கு அதோடு சரி. எங்கள் தோட்டத்தில் கடிகாரம் மாறியது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி மாறவில்லை. சூரியனுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லையே! கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத நான், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இன்னும் அரை மணி இருட்டைச் சேர்த்து மரம் மரமாக நடந்தேன். காலில் பட்டது வேரா பாம்பா என்று நின்று பார்க்க நேரமிருக்காது. "சபாக்காரனுக்கு விடிஞ்சிருச்சு, நமக்கும் விடிஞ்சாச்சு, நட புள்ள" என்பார் எங்களை வேலை வாங்கும் தண்டல். அப்படித் தூக்கத்தைக் கொடுத்து ஒரே நேரமாக்கிய நாட்டை ஜொகூரோடு நறுக்கிவிட்டீர்கள்.

என் மகள் ஆசிரியை. முதல் போஸ்டிங் சரவாக்கில் காப்பிட். அப்போது சிபுவிலிருந்து ராஜாங் ஆற்றில் மணிக்கணக்காகப் படகில் போகவேண்டியிருந்தது. தீபாவளிக்கு அங்கே பொது விடுமுறை கிடையாது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊரே வேலைக்குப் போய்க்கொண்டிருக்க, நான் அனுப்பிய முறுக்கை அவள் தனியாக உட்கார்ந்து தின்றாள். இப்போது சபாவில், தாவாவில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனால் விமான நிலையத்தில் மைகார்டு அடையாள அட்டையைக் காட்டி, தங்குவதற்கு ஒரு சிறு தாள் வாங்கவேண்டும். சொந்த நாட்டில் மூன்று மாத விருந்தாளி நான். அதற்கு 1963இல் பேசிய காரணம் இருக்கிறது, சரி. உங்கள் வரிக்கு என்ன காரணம்?

அந்த இரண்டு மாநிலத்திலும் ஒரு தமிழ்ப்பள்ளிகூட இல்லை. பேத்திக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது போனில் நானும், மாதாமாதம் தபாலில் போகும் உங்கள் சிறுவர் பக்கமும்தான். போன வருடம் ஓவியப் போட்டிக்கு ஒரு மயில் வரைந்து வைத்திருந்தாள். கூப்பனில் பொடி எழுத்தில் "தீபகற்பத்தில் உள்ளவர்கள் மட்டும்". மயில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அதற்கு முந்தின வருடம், எங்கள் லயத்துப் பக்கம் மண் லாரிகள் ஓடி ரோடு குழியாகிப்போனதை எழுதினேன். நீங்கள் போடவில்லை. அதே வாரம் ஒரு நடிகர் கோலாலம்பூரில் தோசை தின்ற படம் அரைப்பக்கத்துக்கு வந்தது. தேர்தல் வந்தால் மட்டும் சுங்கை சிப்புட்டுக்கு உங்கள் போட்டோக்காரருக்கு வழி தெரிகிறது.

சரி, கேட்க வந்தது இதுதான். ராசிபலன் பக்கத்தில் கோலாலம்பூரின் சூரிய உதய நேரம் மட்டும் போடுகிறீர்கள். தாவாவில் எங்களைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே விடிந்துவிடுகிறது. மாலை ஆறரைக்கு நான் போன் போட்டால், "பாட்டி, உங்க ஊர்ல இன்னுமா வெயில்?" என்று இருட்டிலிருந்து கேட்கிறாள் பேத்தி. உதயத்தை வைத்து ராகு காலம் கணக்குப் போடுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். தாவாவுக்கென்று ஒரு வரி சேர்க்கவும். இடம் இல்லையென்றால், பக்கத்தில் வரும் முடி வளரும் தைல விளம்பரத்தை அரை அங்குலம் குறைத்தால் போதும்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
சுங்கை சிப்புட், பேரா.