புதிரை முதலிலேயே அவிழ்க்காதீர்கள்

ஆசிரியருக்கு,

லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ (1993) நாவலைச் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்துவோர் பலர், ‘இது கொடுங்கோல் சமூகத்தின் கதை’ என்றே ஆரம்பிக்கிறார்கள். அங்கேயே பாதி நாவல் போய்விடுகிறது! பசியும் சண்டையும் இல்லாத நல்ல ஊர் என்று வாசகர் முதலில் நம்ப வேண்டும். சந்தேகம் தானாக முளைக்க வேண்டும்.

மொத்தம் 23 அத்தியாயங்கள். முதல் நாளுக்கு இரண்டு போதும். ‘விடுவிப்பு’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள், பொருள் மட்டும் சொல்லாதீர்கள். முதல் அத்தியாயத்திலேயே அது வந்துவிடும். 19ஆம் அத்தியாயத்தைத் தனியே படிக்கவிடாமல், பெரியவர் ஒருவர் கூட இருப்பது நல்லது. சிறுவர்கள் கலங்கிப்போகும் இடம் அது. முடிவு குறித்து இருவேறு கருத்து எழும். எழட்டும். தொடர் நூல்களைக் காட்டி அந்த வாதத்தை அடைத்துவிட வேண்டாம்.

— சிறார் வாசிப்புக் குழுவினர்