‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்று சொல்லும் குழந்தை மருத்துவர்களுக்கு

வணக்கம் டாக்டர்.

நான் சிறு குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறவள். நீங்கள் அனுப்பும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். நீங்கள் அனுப்பாமல் விட்ட பிள்ளைகளும் வருகிறார்கள், என்ன, இரண்டு வருடம் கழித்து. இந்த மடல் அந்த இரண்டு வருடத்தைப் பற்றியது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தாய் மூன்றரை வயது மகனோடு வந்தார். பையனுக்கு ஒன்றரை வயதாகும்போதே, “கூப்பிட்டால் திரும்பவே மாட்டேங்கிறான்” என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். “ஆண் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும், பொறுத்துப் பாருங்க” என்று பதில் கிடைத்திருக்கிறது. அவர் பேச்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. காதைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அதுவும் ரொம்பச் சரியாக. பரிசோதித்தபோது இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு.

பிறந்த குழந்தையின் செவித்திறனைச் சோதிக்க, அது தூங்கும்போது காதில் ஒரு சிறு முனையை வைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். இந்த 1-3-6 கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. கேட்கும் திறன் குறைந்த 150 குழந்தைகளை ஒப்பிட்டு கொலராடோவில் செய்த ஆய்வு 1998-ல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டவர்களின் மொழித்திறன், பிறகு கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்தது. அந்தப் பையன் ஆறு மாதத்தைத் தாண்டி மூன்று வருடம் சத்தமில்லாமல் கழித்திருக்கிறான்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை என்று தெரியும். பயந்து வரும் பெற்றோரைத் தேற்றத்தான் சொல்கிறீர்கள். பேசத் தாமதமாகும் இரண்டு வயதுப் பிள்ளைகளில் பலர் தானாகவே பேசிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. எந்தப் பிள்ளை பேசும், எந்தப் பிள்ளை பேசாது என்று அந்த வயதில் உங்களாலும் அடித்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஒரு பிள்ளையைத் தேவையில்லாமல் அனுப்பினால் சில மணி நேர விளையாட்டோடு போய்விடும். அனுப்பாமல் விட்டால் என்ன போகும் என்பதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

இதில் பழைய அட்டவணைகளுக்கும் பங்கு உண்டு. பாதிக் குழந்தைகள் ஒரு திறனை எட்டும் வயதையே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வளர்ச்சி மைல்கல்லாகப் பட்டியலிட்டு வந்தது. மீதிப் பாதி எட்டியிருக்காது என்பதால், “பார்க்கலாம்” என்ற பதில் இயல்பாகவே வாயில் வந்துவிடும். 2022-ல் அதை 75 சதவீதக் குழந்தைகள் எட்டும் வயதாக மாற்றினார்கள். பட்டியலில் உள்ளதைப் பிள்ளை செய்யவில்லை என்றால் இனி காத்திருக்கக் காரணமில்லை என்பதே அதன் நோக்கம்.

அப்புறம், நோய்க்குப் பெயர் கிடைக்கும்வரை அனுப்பக்கூடாது என்றொரு பழக்கம். கை கால் அசைவைப் பாதிக்கும் மூளை முடக்குவாதத்துக்கு ஒரு வயதுக்குப் பிறகே பெயர் வைப்பது வழக்கமாக இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பே அடையாளம் காணலாம், உறுதியாகாவிட்டாலும் ‘ஆபத்து அதிகம்’ என்று எழுதிப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம் என்பது 2017-லேயே வந்த வழிகாட்டல். பயிற்சி கொடுக்க எனக்குப் பெயர் வேண்டாம் டாக்டர். பிள்ளை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று தெரிந்தால் போதும்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். தாயை வெளியே உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, வாரம் 45 நிமிடம் பயிற்சி தருகிறோம். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் பிள்ளை யாரோடு இருக்கிறது? ஜமைக்காவில் 1986-ல் சாலி கிரந்தம்-மெக்ரிகர் தொடங்கிய ஆய்வில் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். சில குடும்பங்களுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கே போனார். கையில், வீணான பொருட்களில் செய்த விளையாட்டுச் சாமான்கள். குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டே வருடம்தான். 20 வருடம் கழித்து, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் அப்படி யாரும் போகாத பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. இதைப் படித்த பிறகுதான் என் அறைக் கதவைத் திறந்து வைத்தேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஐந்தில் வளையாதது என்ற பழமொழியை இங்கே இழுக்க மாட்டேன். தாமதமாக வந்த பெற்றோரை அது கொன்றுவிடும், போதாக்குறைக்கு ஐந்து வயதுக்குப் பிறகும் பிள்ளைகள் கற்கத்தான் செய்கிறார்கள். அதிகப் பாடுபட்டு, மெதுவாக.

பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பரவாயில்லை. கூடவே ஒரு பரிந்துரைச் சீட்டும் எழுதுங்கள். பேச்சில் சந்தேகம் என்றால் முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் அறையில் பிள்ளை பத்து நிமிடம்தான் இருக்கும், அதுவும் ஊசிக்குப் பயந்து அழுதுகொண்டு. ஆகவே வீட்டில் என்ன பார்த்தீர்கள் என்று அம்மாவைக் கேளுங்கள்.

அந்தப் பையனுக்குக் கருவி மாட்டியாகிவிட்டது. கதவு தட்டினால் திரும்புகிறான். வீட்டில் அவனுக்கு ஒரு தங்கை பிறந்து இருபது நாள் ஆகிறது. அந்த அம்மா உங்களில் யாரிடமாவது தடுப்பூசிக்கு வருவார், காதுப் பரிசோதனைக்குச் சீட்டு கேட்பார். கொடுத்துவிடுங்கள்.