பூங்காச் சீரமைப்புப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சேலம் அழகாபுரத்தில் உள்ள நம் மனைப்பிரிவுப் பூங்காவின் பணி நிறைவுற்றது. மதிப்பீடு ரூ.14,20,000, முடிந்த செலவு, 18 விழுக்காடு ஜிஎஸ்டி உட்பட, ரூ.16,05,000. கூடுதலான ரூ.1,85,000 எங்கே போயிற்று, பணி ஏன் தாமதமானது என்று பொதுக்குழுவிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்கப்பட்டது. இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதற்கான பதிலே.

மனைப்பிரிவு ஒப்புதலின்போது சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுவிடமாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கும் விதிப்படி வந்த இடம் இது. பூங்கா என்பது வரைபடத்தில் மட்டும் இருந்தது. வீடு கட்டியோர் மிச்ச ஜல்லியையும் உடைந்த ஓடுகளையும் கொட்டிய மேட்டில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. மாநகராட்சியின் எழுத்துப்பூர்வமான அனுமதி பெற்றே பணி தொடங்கினோம்.

கட்டடக் கலைஞர் தந்த வரைபடத்தின் உயிர்நாடி, நடுவே கருங்கல் படிகளுடன் அமைந்த பள்ளமுற்றம். ஏற்காட்டு மலைச் சரிவில் கோடை மழை கொட்டும்போது நம் தெருக்களில் புரண்டோடி வீணாகும் நீர் அங்கே தேங்கி மண்ணில் இறங்கும். மற்ற நாள்களில் அந்தப் படிகளே இருக்கைகள். எல்லாப் பூங்காவிலும் இருக்கும் பேவர் பிளாக் இங்கே ஏன் இல்லை என்று கேட்டவர்கள், சிமெண்டுப் படுகையின் மேல் அதைப் பாவிய இடங்களில் மழைநீர் மண்ணைத் தொடாமல் சாக்கடைக்கே போவதைப் பார்த்திருப்பார்கள். உயரமான சுற்றுச்சுவருக்குப் பதில் திண்ணை உயரச் சுவர் கட்டியதும் தெரிந்தே செய்ததுதான்: தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே நடப்பது தெரிந்தால் சீட்டாட்டமும் பாட்டிலும் தாமே வெளியேறும்.

இனி ஒப்பந்ததாரர் விவகாரம். பள்ளம் தோண்டுவதற்கு மண் வேலை விலையே பேசப்பட்டிருந்தது. மூன்றடிக்குக் கீழும் கட்டட இடிபாடு வந்தது. அதற்கும் கீழே, செட்டிச்சாவடிப் பக்கத்து மண்ணில் காண்பதுபோல வெள்ளைக்கல் (மேக்னசைட்) தலைகாட்டியது. ஒப்பந்ததாரர் வேலையை நிறுத்திவிட்டுக் கூடுதலாக ரூ.3,10,000 கேட்டார். இடிபாட்டை அங்கேயே பரப்பி, மேலே செம்மண் போட்டு மூடிவிடலாம் என்ற அவரது யோசனையைச் சில உறுப்பினர்களும் ஆதரித்தனர். அப்படிச் செய்திருந்தால் ரூ.1,35,000 மிச்சமாகியிருக்கும், நீர் இறங்கும் முற்றமும் இல்லாமல் போயிருக்கும். எனவே ஒவ்வொரு டிப்பர் லோடையும் அளவுப் புத்தகத்தில் ஏற்றி, அளந்த வேலைக்கு மட்டும் அந்த ரூ.1,35,000ஐக் கொடுத்தோம். அவர் கோபித்துக்கொண்டு ஆள்களை அனுப்பாமல் இழுத்தடித்ததே தாமதத்துக்குக் காரணம். குழுவின் மெத்தனம் என்று பேசப்படுவதை ஏற்க இயலாது.

மீதி ரூ.50,000 தென்மேற்கு மூலை வேம்புக்காகச் செலவானது. சுவர் நேர்கோட்டில் போக வேரை வெட்ட வேண்டும் என்றார் ஒப்பந்ததாரர். மரத்துக்கு உணவும் நீரும் தேடும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், ஒரு பக்கம் வெட்டினால் மரம் வாடும், காற்றுக்குச் சாயவும் கூடும். ஆகவே அவ்விடத்தில் மட்டும் தொடர் அடித்தளத்தைத் தவிர்த்து, வேர்களுக்கு இடைப்பட்ட தூண்களின் மேல் படுக்கைக் கல் பாவிச் சுவரை எழுப்பினோம். ஒரு மரத்துக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் இப்போது மாலையில் அதன் நிழலில்தான் அமர்கிறார்கள் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறோம்.

மின் இணைப்பு, குழாய், நடைபாதை, வண்ணப்பூச்சு ஆகியவை மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

கருங்கற்களுக்கு நிதியளித்த செவ்வாய்ப்பேட்டை மளிகை மொத்த வியாபாரி, மின்விளக்குகள் தந்த வெள்ளிப் பட்டறை உரிமையாளர்கள், கன்றுகள் அனைத்தும் தந்த உருக்காலை ஓய்வூதியர்கள், ஊஞ்சல் வாங்கித் தந்த ஆசிரியத் தம்பதியர், தம் தங்கை நினைவாகக் குடிநீர்த் தொட்டி அமைத்த மூன்றாம் குறுக்குத் தெரு அம்மையார், உண்டியல் சேமிப்பைக் கொண்டுவந்த பிள்ளைகள் ஆகிய அனைவருக்கும் நன்றி. பெயர்கள் நுழைவாயில் கல்வெட்டில் உள்ளன. தொகை பொறிக்க வேண்டாம் என்பது பொதுக்குழுவின் முடிவு, குழுவின் முடிவன்று.

ஒப்பந்ததாரருக்குத் தராமல் பிடித்து வைத்துள்ள தொகை வடகிழக்குப் பருவமழை முடிந்து, முற்றத்தில் நீர் இறங்குவதைப் பார்த்த பின்னரே விடுவிக்கப்படும். ரசீதுகளும் அளவுப் புத்தகமும் ஞாயிறுதோறும் காலையில் சங்க அறையில் பார்வைக்கு வைக்கப்படும். கேள்வி உள்ளவர்கள் அங்கே நேரில் வந்து கேட்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பூங்காச் சீரமைப்புக் குழு