மாதிரிக் கார்களை மூலக் கார்களாக விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் வாகன விற்பனைப் பக்கத்தில் ‘கிளாசிக்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டு, வேறு எந்த விபரமும் தராமல் விலையை மட்டும் உயர்த்திக் கேட்கும் விளம்பரங்கள் பெருகிவருகின்றன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம்மவர் சிலர், பெயர்பெற்ற பழைய கார் ஒன்றின் தோற்றத்தில் பின்னாளில் பாகங்களைப் பொருத்திப் பூட்டிய ‘மாதிரி’ ஸ்போர்ட்ஸ் கார்களைக் கைமாற்றாக வாங்கிவிட்டு, பிறகு இங்குள்ள அனுபவசாலிகளிடம் தொலைபேசியில் விளக்கம் கேட்பதையும் அறிவேன். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே: விற்கப்படுவது உண்மையில் எது?

1962 இல் அமெரிக்கரான கரோல் ஷெல்பி, பிரித்தானியாவின் ‘ஏ.சி.’ என்ற நிறுவனத்தின் காருக்குள் அமெரிக்காவின் போர்ட் (Ford) நிறுவனத்தின் வீ-8 எஞ்சினைப் பொருத்தி உருவாக்கிய கொப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் கார், அக்காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் கார்களோடு நின்றுவிட்டது. அவற்றுள் முதலாவது கார் 2016 இல் அமெரிக்க ஏலமொன்றில் 1 கோடியே 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. இன்று வீதியில் காணும் கொப்ராக்களில் மிகப் பெரும்பாலானவை பாகங்களாக வாங்கப்பட்டு வீட்டுக் கராச்சில் பூட்டப்பட்டவை. அதில் இழுக்கு எதுவுமில்லை. ஆனால் பூட்டியவர் இரவிரவாகச் செய்த வேலைக்கு அடுத்து வாங்குபவர் ஒரு சதமும் கொடுப்பதில்லை. பிரேக் குழாயை யார் வளைத்தார், வயரிங்கை யார் செய்தார் என்று தெரியாத பயத்துக்காக அவர் விலையைக் குறைத்தே கேட்பார். பற்றுச்சீட்டுகளும், வேலை நடந்தபோது எடுத்த படங்களும், பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால் அந்தப் பயம் தணியும், விலையும் நிமிரும்.

ஜேர்மனியின் போர்ஷ 356 ஸ்பீட்ஸ்ரர் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் பல, வோக்ஸ்வாகன் பீற்றிலின் அடித்தளத்தில் எழுந்தவை. பீற்றிலின் இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2,400 மில்லிமீற்றர்; போர்ஷவில் அது 2,100. ஆகவே நடுவே 300 மில்லிமீற்றரை வெட்டி எடுத்து மீண்டும் ஒட்டவேண்டியிருக்கிறது. மேற்கூடு குருநகர்ப் படகுகளைப் போல அச்சில் வார்த்த பைபர் கிளாஸ் என்பதால் துருவே பிடிக்காது. அடியில் உள்ள இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அது காட்டாது. காரை உயர்த்தி, விரிப்பை நீக்கி, அந்த வெல்டிங்கைக் கண்ணால் பாராமல் வர்ணத்தின் மினுக்கத்துக்குப் பணம் கொடுப்பவரை என்ன சொல்வது?

பிரித்தானியாவில் வயதோ அடையாளமோ உறுதிப்படாத வாகனத்துக்கு ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் இலக்கத் தகடு கொடுக்கிறார்கள். விற்பவருக்கு அது பிடிப்பதில்லை. வாங்குபவருக்கு அதைவிட நேர்மையான அறிவித்தல் கிடைக்காது.

நம் ஊர்க் கார்களுக்கும் இது பொருந்தும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் கிடைத்த பாகத்தைக் கொண்டே பிழைத்தன. யப்பானிய எஞ்சின் ஏறிய மொறிஸ் மைனரை நான் குறைவாக மதிப்பதில்லை. ஓட்டுவதற்கு அதுவே வசதி என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்த மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறாதிருக்க, ‘மூல நிலையில் உள்ளது’ என்று விளம்பரம் செய்வது ஏமாற்று.

எனவே, கார் மூலமா மாதிரியா, மேற்கூடு எந்த ஆண்டில் செய்யப்பட்டது, சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்ற விபரங்களின்றி இத்தகைய விளம்பரங்களை ஏற்காதிருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதனால் கூடும் இரண்டு வரிக் கட்டணம், அவர்கள் கேட்கும் விலைக்கு முன் ஒரு பொருட்டல்ல.

இங்ஙனம்,
பழைய கார் ஆர்வலர் ஒருவர்,
கொக்குவில்.