அப்டேட்டை நிறுத்தச் சொல்றது வைத்தியம் இல்லங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க தொழில்நுட்பப் பக்கத்துல கேள்வி பதில் படிச்சேன். ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) அப்டேட் போட்டதுல இருந்து விர்ச்சுவல் மெஷின் (விஎம், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) க்ராஷ் ஆகிட்டே இருக்கு என்ன பண்றதுன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு, அதுக்கு நீங்க அப்டேட்டை ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா விஎம்மை அழிச்சிட்டு புதுசா போடுங்கன்னு ரெண்டே வரியில முடிச்சிட்டீங்க. எனக்கு இது சரியாப் படல. பேட்ச் (ஓட்டையை அடைக்கற அப்டேட்) போடாத மெஷினை நெட்டுல விட்டு வெக்கிறது ஆபத்து, அது ஒரு பக்கம், ஆனா கோளாறு ஹோஸ்ட்ல (விஎம்மைத் தாங்குற நிஜ கம்ப்யூட்டர்ல) இருந்துச்சுன்னா அவர் எத்தனை தடவை புதுசா போட்டாலும் அதே மாதிரிதான் விழும்.

அவர்கிட்ட முதல்ல கேட்டிருக்க வேண்டியது, அப்டேட் எந்தப் பக்கம் வந்துச்சுன்னுதான். விஎம்முக்குள்ள ஓடுற கெஸ்ட் ஓஎஸ்ஸுக்கா, அதைத் தாங்குற ஹோஸ்டுக்கா? நிறைய பேருக்கு இதுவே தெரியறதில்ல, ஏன்னா ரெண்டும் தானா அப்டேட் ஆகற மாதிரிதான் வெச்சிருப்பாங்க. கண்டுபிடிக்கறது ஈஸிதான், அப்டேட் போடாத வேற ஒரு விஎம்மை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, இல்லன்னா ஏதாவது ஒரு லினக்ஸ் ஓஎஸ்ஸோட ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்கோட ஃபைல் வடிவம்) புது விஎம்ல லைவா, அதாவது இன்ஸ்டால் பண்ணாம, பூட் பண்ணிப் பாருங்க, அதுவும் படுத்துச்சுன்னா அனேகமா பிரச்சனை ஹோஸ்ட்லதான், அது நல்லா ஓடிச்சுன்னா பழைய விஎம்முக்குள்ள தேடணும்.

ஹோஸ்ட் லினக்ஸா இருந்து அதுல விர்ச்சுவல்பாக்ஸ் (விஎம் ஓட்டற ஒரு சாஃப்ட்வேர்) ஓடிச்சுன்னா கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) மாறும்போதெல்லாம் விர்ச்சுவல்பாக்ஸோட மாட்யூலை (கெர்னல்ல சேர்ற துண்டு ப்ரோகிராம்) அந்த கெர்னலுக்குத் தகுந்த மாதிரி திரும்ப பில்ட் பண்ணியாகணும், அந்த பில்டுக்கு வேண்டிய கெர்னல் ஹெடர் பேக்கேஜ் இல்லன்னா பில்ட் ஆகாது, செக்யூர் பூட் (நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து, அதாவது சைன், உள்ளதை மட்டும் பூட்ல விடற பாதுகாப்பு) ஆன்ல இருந்து மாட்யூல் சைன் ஆகலன்னா கெர்னல் அதை உள்ளயே விடாது. 2024 நவம்பர்ல வந்த லினக்ஸ் 6.12ல இன்னொரு கூத்து, கேவிஎம் (லினக்ஸோட சொந்த விஎம் வசதி) மாட்யூல் லோட் ஆனவுடனே, விஎம் ஓட்ட உதவற ப்ராசஸரோட விர்ச்சுவலைசேஷன் வசதியை எடுத்து வெச்சுக்க ஆரம்பிச்சுது, அதனால நேத்து வரைக்கும் நல்லா இருந்த விர்ச்சுவல்பாக்ஸ் விஎம் திடீர்னு எரர் காட்டிட்டு நின்னுடும். கேவிஎம் மாட்யூலை அன்லோட் பண்ணா திரும்ப ஓடும். இதுக்குப் போய் விஎம்மை அழிக்கச் சொன்னா எப்படிங்க?

விண்டோஸ் ஹோஸ்ட்ல வேற கதை. மெமரி இன்டெக்ரிட்டின்னு ஒரு பாதுகாப்பு வசதி இருக்கு, அப்டேட்டுக்கு அப்புறம் அது ஆன் ஆகியிருந்தா அடியில ஹைப்பர்-வி (விண்டோஸோட சொந்த விஎம் வசதி) ஓட ஆரம்பிச்சிடும், மத்த விஎம் சாஃப்ட்வேர் எல்லாம் அதுக்கு மேல உக்காந்துதான் ஓடணும். விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னல்ல கீழ ஓரமா ஒரு பச்சை ஆமை தெரியும் பாருங்க, அழகுக்கு வெச்சதுன்னு நெனச்சுடாதீங்க, நான் மெதுவான வழியில போறேன்னு அது சொல்லுது. அந்த வசதியை ஆஃப் பண்ணலாம், ஆனா பாதுகாப்பு ஒரு படி குறையும், யோசிச்சுப் பண்ணணும்.

கெஸ்ட் பக்கம்னா பெரும்பாலும் கெஸ்ட் அடிஷன்ஸ் (விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்டுக்குள்ள போடற ட்ரைவர் தொகுப்பு) மாதிரி ட்ரைவர்தான் மாட்டும். லாகின் வரைக்கும் வந்து ஸ்கிரீன் கருப்பாயிடுச்சா, லினக்ஸ் கெஸ்ட்னா க்ரப் மெனுவுல (பூட் ஆகும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கற மெனு) பழைய கெர்னலை எடுத்து பூட் பண்ணுங்க, விஎம் செட்டிங்ஸ்ல 3டி ஆக்சிலரேஷனை (கிராஃபிக்ஸை வேகப்படுத்தற வசதி) ஆஃப் பண்ணிப் பாருங்க, அப்புறம் கெஸ்ட் அடிஷன்ஸை புதுசா போடுங்க.

சில சமயம் ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் காரணமா இருக்கும். 2023 பிப்ரவரியில விண்டோஸ் சர்வர் 2022க்கு ஒரு அப்டேட் வந்துச்சே, விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ 7ல (சர்வர்ல விஎம்களைத் தாங்குற ஹோஸ்ட் சாஃப்ட்வேர்) செக்யூர் பூட் போட்டு ஓடின விஎம்கள் அதுக்கப்புறம் பூட்டே ஆகல. அதுலயும் அப்டேட் முடிஞ்சு வர்ற முதல் ரீபூட் ஒழுங்கா நடக்கும், அடுத்த ரீபூட்லதான் விழும், அதனால அப்டேட் மேல சந்தேகமே வராது. அப்டேட்டை அன்இன்ஸ்டால் பண்ணாலும் சரியாகல, செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணணும், இல்லன்னா ஈஎஸ்எக்ஸ்ஐக்கு வந்த பேட்ச்சைப் போடணும். அதாவது கெஸ்ட் அப்டேட்டால வந்த வியாதிக்கு மருந்து ஹோஸ்ட் அப்டேட்ல இருந்துச்சு! அப்டேட்டை நிறுத்திட்டு உக்காந்தவங்களுக்கு அந்த மருந்தும் கிடைச்சிருக்காது.

இன்னொண்ணு, யாரும் லாகைப் (என்ன நடந்துச்சுன்னு குறிச்சு வெக்கற ஃபைல்) பாக்கறதில்ல. விர்ச்சுவல்பாக்ஸ்ல விஎம் ஃபோல்டருக்குள்ளயே லாக்ஸ்னு இருக்கும், சும்மா விட்டா இப்ப உள்ள லாகோட பழசு மூணைத்தான் வெச்சிருக்கும், ஓடுமா ஓடுமான்னு திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிட்டே இருந்தா முதல் க்ராஷோட லாக் அழிஞ்சே போயிடும். அதனால விழுந்தவுடனே அந்த ஃபோல்டரை காப்பி எடுத்து வெச்சிடணும்.

அப்படியே ஹோஸ்ட் டிஸ்க்ல எவ்வளவு இடம் மிச்சம்னும் பாருங்க. பெரிய அப்டேட் இறங்கும்போது விஎம் டிஸ்க் ஃபைல் வீங்கும், பழைய ஸ்னாப்ஷாட் (விஎம்மோட ஒரு நேரத்து நிலையைச் சேமிச்சு வெச்சது) இருந்தா அதுவும் வளரும், இடம் தீர்ந்தா விஎம் அப்படியே நின்னுடும், திட்டு மட்டும் அப்டேட்டுக்கு. ஸ்னாப்ஷாட்டை பேக்கப்னு நெனச்சு மாசக்கணக்கா வெச்சிருக்காங்க பாருங்க, அதுக்கு மட்டுமே தனியா ஒரு கட்டுரை போடலாம் நீங்க. ஹோஸ்டுக்கு அப்டேட் போடறதுக்கு முன்னாடி விஎம்மை சேவ் ஸ்டேட்ல (ஓடுற நிலையை அப்படியே சேமிச்சு நிறுத்தறது) விடாம முழுசா ஷட்டவுன் பண்ணச் சொல்லியும் எழுதுங்க, மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ள ஓடுற அடிப்படைக் கோட்) மாறி ப்ராசஸர் வசதி ஏதாவது கூடிக் குறைஞ்சா சேவ் பண்ணது திரும்ப எழாமப் போக வாய்ப்பு இருக்கு.

அந்த வாசகர் உங்க பதிலைப் படிச்சிட்டு விஎம்மை இன்னும் அழிக்கலன்னா தயவுசெஞ்சு அடுத்த வாரமே ஒரு திருத்தம் போடுங்க சார். விஎம் ஃபோல்டரை மொத்தமா வேற டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்துக்கட்டும், ஸ்னாப்ஷாட் ஏதும் இல்லன்னா அந்தக் காப்பியில இருக்கற டிஸ்க் ஃபைலை நல்லா ஓடுற வேற ஒரு விஎம்ல ரெண்டாவது டிஸ்க்கா மாட்டினா, டிஸ்கை என்கிரிப்ட் பண்ணாம இருந்தா, ஃபைல் எல்லாம் எடுத்துடலாம். அதுக்கப்புறம் ஹோஸ்ட் என்ன, கெஸ்ட் என்ன, வெர்ஷன் என்ன, லாக்ல கடைசியில என்ன எரர் இருக்குன்னு உங்களுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்